அத்தானை ஒளித்த கல்யாணம்

நோயிலும் ஜாதி பார்த்தவன் நான். எனக்கு வந்தது நடுக்கம். அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது என் அத்தானுக்கு, வந்தது மறதி. 'நமக்கு உடம்புதானே மக்கர் பண்ணுது, புத்தி சரியாத்தானே இருக்கு' என்று உள்ளுக்குள் ஒரு திமிர். என் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும்போது கை ஆடினால், சரியாகச் சாப்பிடவில்லை என்று வந்தவர்களிடம் புளுகுவேன். அத்தானைப் பற்றிக் கேட்டால் மட்டும் கூசிப்போய் பேச்சை மாற்றுவேன்.

எங்கள் இருவரையும் பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் அக்காதான் கூட்டிக்கொண்டு போனாள். மூளையில் ஒவ்வொரு வேலைக்கும் பல இடங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும், அந்தப் பேச்சு போகிற வலைதான் இருவருக்கும் அறுந்துகொண்டு வருகிறது என்றார் அவர்.

"உங்களுக்கு அசைவுப் பக்கம் முதல்ல அறுந்திருக்கு, அவருக்கு ஞாபகத்துப் பக்கம். நோய் வேற, பேரு வேற. ஆனா ரெண்டுலயும் போறது தொடர்புதான். ஒரு பக்கம் விட்டுப்போனா மத்த பக்கமும் இழுபடும். நாளாக ஆக உங்களுக்கும் ஞாபகம் சறுக்கலாம்."

"என்னையும் அவரையும் ஒரே தராசுல நிறுக்காதீங்க டாக்டர்" என்று வெடுக்கென்று எழுந்துவிட்டேன். வெளியே அத்தான் என் செருப்பை மாட்டிக்கொண்டு ஜம்மென்று நடந்து போய்க்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

போன ஆவணியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் குலசேகரன்பட்டினத்துக்காரர்கள்.

"அத்தான மேடை ஏத்தாண்டாம்க்கா. சம்பந்தக்காரங்க முன்னால எதையாவது உளறிட்டா மானம் போயிரும். அவரு தம்பி தாரை வாக்கட்டும்" என்றேன்.

"பெத்த மவ கல்யாணத்துல அவிய இல்லாமயாலே?" என்று அக்கா அழுதாள்.

"அப்போ கல்யாணம் நின்னுபோச்சுன்னா என்கிட்ட வராத."

அதுவரை அத்தானைப் பார்த்திராத சம்பந்தியிடம், மூட்டுவலி, வீட்டில் படுத்திருக்கிறார் என்று நானே சொன்னேன். அக்கா கெஞ்சியதற்காக அத்தானை மண்டபத்துப் பின்னறையில் உட்காரவைத்து, துணைக்கு ஒரு சொந்தக்காரப் பையனையும் விட்டிருந்தேன். பையன் பந்திக்குப் போய்விட்டான்.

தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்துப் பெண்ணை மேடைக்குக் கூட்டிவர வேண்டும். மாலையைப் போட்டுவிட்டேன். படிக்கட்டுக்கு முன்னால் வந்ததும் என் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. தூக்குகிறேன், வரமாட்டேன் என்கிறது. "மாமா, வாங்க" என்று மருமகள் கிசுகிசுத்தாள். மேளக்காரர் திரும்பிப் பார்த்தார். மண்டபமே பார்த்தது.

"ஏலே, தூக்கு! வை! தூக்கு! வை!"

அத்தான்! துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். என்னையும் மூட்டைக்காரன் என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்தில் வந்து நின்றுகொண்டு அதட்டினார். என்ன மாயமோ, அந்தச் சத்தத்துக்குக் கால் எழும்பியது. படியேறிவிட்டேன்.

"ஆரு இவிய? நல்லா விரட்டுதாவளே!" என்று சம்பந்தி சிரித்தார்.

அதற்கு மேல் பொய் சொல்ல நா எழவில்லை. "பொண்ணோட அப்பா. மூட்டுவலி இல்ல, மறதி. மறைச்சது நாந்தான். எனக்கும் அதே மாதிரிதான், நரம்பு நோய்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இதுக்குப் போயா ஒளிச்சு வைப்பாவ? அவியளையே உக்காரச் சொல்லும். பெத்தவிய இருக்கையில வேற ஆளு எதுக்கு?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அத்தானை நானே கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். மகள் கையை அவர் கையில் வைத்து, அதன்மேல் அக்கா தண்ணீர் வார்த்தாள். மருமகள் தேம்பித் தேம்பி அழுதாள். அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்ல என் காதருகே குனிந்தார்.

"ஆரு வீட்டுக் கல்யாணம் அண்ணாச்சி இது? பிள்ள இந்த அழுவ அழுவுது, அவ அப்பன எங்க அனுப்பிச்சு விட்டீய?"