வாட்ச்டாக் போடாத மழைப்பெட்டி

எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேரும் டிசைன் இன்ஜினியர்களுக்குச் சின்ன மைக்ரோகன்ட்ரோலர்களை அறிமுகம் செய்யும் வகுப்பு என் பொறுப்பு. எட்டுக் கால் உள்ள ஒரு சிப்பை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிசு. கணக்குப் போடும் பகுதி, நினைவகம், கடிகாரம் எல்லாம் இதற்குள்ளேயே இருக்கின்றன என்பேன். வாட்ச்டாக் டைமர் வந்ததும் என் குரல் இறங்கிவிடும். நிரல் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் சிப்பைத் தானாகவே முதலிலிருந்து தொடங்க வைக்கும் உள்காவல் அது. போன மாதம் ஒரு பெண் கேட்டார்: "சும்மா கிடைக்கிற வசதியை யார் சார் ஆஃப் பண்ணி வைப்பாங்க?" நான் வைத்தேன் என்று சொல்லாமல் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன்.

ஏற்காட்டில், மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் அம்மா வேலை பார்க்கிறார். குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சேலத்தில் கல்லூரிக் கடைசி வருடம் படித்தபோது அம்மாவுக்குக் காப்பிக் களத்தில் வேலை. கழுவிய கொட்டையைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிக் கிளற வேண்டும். மழை வருகிற மாதிரி இருந்தால் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். முழங்கால் தேய்ந்த அம்மாவால் சரிவில் ஏறிப் பழம் பறிக்க முடியாது என்று, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் எஸ்டேட் ரைட்டர் பார்த்துக் கொடுத்த இடம் அது.

அந்தக் களத்துக்கு நான் ஒரு மழைப்பெட்டி செய்தேன். அதுதான் என் புராஜெக்ட். தகட்டில் முதல் துளிகள் விழுந்ததுமே சிப் உணர்ந்து சைரனை ஊதும். செய்துபார்த்த நாட்களில், நிரலை நான் இடையில் நிறுத்தும்போதெல்லாம் வாட்ச்டாக் குறுக்கே வந்து சிப்பை மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது. எரிச்சலில் அதை இயக்கும் நிரல் வரியை முடக்கி, பக்கத்தில் 'பிறகு போடணும்' என்று குறித்துவைத்தேன். போடவில்லை.

பெட்டியை மாட்டிய அன்று, கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் அம்மாவைச் சீண்டினார். "இனி இவங்க வானத்தப் பாக்க வேண்டியதில்லீங்க. மவன் ஊதுவான், இவங்க ஓடுவாங்க."

அம்மா விடவில்லை. "உங்க மவனுந்தான் ஊதறான், பீடிய."

முதல் இரண்டு மழைக்கும் பெட்டி சரியாக ஊதியது. "நீங்க ஷெட்டுல உக்காந்து கொட்டை பொறுக்குங்கம்மா, அது பாத்துக்கும்" என்று அம்மாவிடம் சொன்னவன் நான்தான். அதன்பின் அவர் வானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு கார்த்திகை மாதச் சனிக்கிழமை மதியம், பக்கத்து மேட்டில் இடி விழுந்தது. அப்போதே சிப் சிக்கி நின்றிருக்க வேண்டும். பின்னாலேயே வந்த மழைக்குப் பெட்டி வாயைத் திறக்கவில்லை. கூரைத் தகரத்தில் சத்தம் கேட்டு அம்மா ஓடி வருவதற்குள் களம் பூராவும் தண்ணீர்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த என்னை ரைட்டர் கூப்பிட்டனுப்பினார். "ஏப்பா இஞ்சினியரு, பெட்டிக்கு என்ன வந்துச்சு?"

பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்று கல்லூரிக்கு அவர் கடிதம் தர வேண்டியிருந்தது. திங்கட்கிழமை அதைக் கொண்டுபோகாவிட்டால் புராஜெக்ட் போய்விடும். வேலைக்கான இன்டர்வியூவும் அதை நம்பித்தான் இருந்தது. நான் அங்கே நின்றிருந்த அம்மாவின் பக்கம் திரும்பினேன். "பெட்டியத் தொட்டீங்களாம்மா?"

அம்மா என் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு ரைட்டரிடம், "ஆமாங்க. தூசி தொடைக்கறேன்னு ஒயரப் புடிச்சு இழுத்துட்டேனுங்க. அவன் மேல தப்பில்லீங்க" என்றார்.

"படிச்ச புள்ள செஞ்சு குடுத்தத நீயே கெடுத்துப்போட்டியேம்மா. திங்கக்கெழமையிலிருந்து பழம் பறிக்கப் போ."

சாயங்காலம் பெட்டியைக் கழற்றி வந்து பார்த்தேன். ஒயர் எதுவும் விலகியிருக்கவில்லை. மின்சாரத்தை எடுத்துவிட்டு மறுபடி கொடுத்ததும் சிப் சாதுவாக வேலை செய்தது. லேப்டாப்பில் நிரலைத் திறந்தால் 'பிறகு போடணும்'.

"செரியாயிருச்சா சாமி?" என்றார் அம்மா.

"ஆயிருச்சும்மா" என்றேன். திங்கட்கிழமை காலை கடிதத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, காப்பிச் செடிகளைப் பிடித்துப் பிடித்து அம்மா சரிவில் ஏறுவது ஜன்னல் வழியே தெரிந்தது. நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.

வேலை கிடைத்தது. அடுத்த வருடம் அறுவடை தொடங்கும்போது லீவு போட்டு வந்து, ரைட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பெட்டியைத் தொடவேயில்லை, தப்பு என்னுடையது, அவரை மறுபடி களத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னையத் திட்டிட்டு உட்டிருப்பேன். இப்பப் பாரு, உங்கம்மா எங்கிட்டப் பொய் சொல்லியிருக்காங்க. காப்பி காஞ்சுதா இல்லையான்னு களத்துல நிக்கறவங்க சொல்றத நம்பித்தானப்பா நான் மூட்டை கட்டச் சொல்றேன்? இனி எப்படி அவங்கள அங்க நிறுத்தறது?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நொம்ப நல்லாப் பண்ணுன கண்ணு. இத்தன நாளா, தெரியாமக் கை பட்ட பொம்பளயா இருந்தேன். இப்பப் பொய்க்காரி ஆக்கிப்போட்ட."

வேலையை விட்டுவிடுங்கள் என்றேன். "வேலைய உட்டா எஸ்டேட்டுக்காரங்க குடுத்த ஊட்டையும் உடோணும். போயிச் சாப்புடு" என்றார்.

மறுநாள் காலை அவர் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது, கூடப் போய்ப் பறித்துக் கொடுக்கலாமென்று நானும் எழுந்து செருப்பை மாட்டினேன்.

"நீ வராத சாமி," என்றார். "மவன் எதுக்கு வந்தான்னு எல்லாரும் கேப்பாங்க. நான் இன்னொரு பொய் சொல்லோணும்."