வண்டிக்கு வண்டி

பொங்கலூர் வட்டாரத்தில் வேன்காரம்மா என்றால் பழனாயிதான். பன்னிரண்டு வருடம் ஒரே வண்டி, ஒரே ரோடு. காலையில் ஏழெட்டு ஊர்ப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் இறக்கிவிடுவாள். பொழுது சாய்ந்ததும் திரும்ப அழைத்து வருவாள். முதலில் அவள் கணவர் ஆறுச்சாமிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் குறுக்கே பாய்ந்த கன்றுக்குட்டியை அடித்துவிட்டார். அதற்குப் பிறகு டிரைவர் சீட்டில் ஏறவே மறுத்துவிட்டார். வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்க மனமில்லாத பழனாயி, பல்லடத்துக்குப் போய்ப் பழகி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பொம்பளை ஓட்டுகிற வண்டியா என்று முதல் வாரம் சிரித்தவர்களே அடுத்த மாதம், பொம்பளை ஓட்டுகிற வண்டி என்பதால்தான் தங்கள் பெண்களை அனுப்பினார்கள்.

பிறகு கம்பெனியே சொந்தமாக பஸ் வாங்கிவிட்டது. பழனாயி வீட்டில் நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தாள். ஐந்தாம் நாள் வண்டிக்குள் இருந்த சீட்டுகளை எல்லாம் கழற்றி எறிந்தாள். ஆசாரியைக் கூப்பிட்டு உள்ளே ஒரு கட்டில் அடிக்கச் சொன்னாள். கட்டிலுக்கடியில் துணிப்பெட்டி, பின்கதவோரம் ஒரு மேடை, மேடைமேல் சின்ன கேஸ் அடுப்பு.

"எங்க புள்ள போகோணும்?" என்றார் ஆறுச்சாமி.

"எங்கியாச்சும் போலாமுங்க மாமா. பன்னெண்டு வருசமா அந்த ஒரு ரோட்டையே பாத்திருக்கறனல்ல."

போனார்கள். மூன்று வருடத்தில் பவானி, மேட்டூர், தஞ்சாவூர், ஒருமுறை ராமேஸ்வரம் வரைக்கும். எங்கே போனாலும் இரண்டாம் நாள் பழனாயிக்கு அந்த இடம் போதும் என்றாகிவிடும். அடுத்தது எங்கே என்று கேட்பாள். ஆறுச்சாமி அடுப்பை அணைத்துவிட்டு முன்சீட்டில் வந்து உட்காருவார்.

அவளுடைய மெட்டடோர் வேனுக்கு வயது இருபதை நெருங்கிக்கொண்டிருந்தது. சமவெளியில் குதிரை மாதிரி போகும். மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். வால்பாறை மலை ஏற இரண்டு தடவை முயன்றாள். இரண்டு தடவையும் ஆறாவது வளைவு தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்து, கீழே ஆழியாறு அணை ஓரம் வரை உருட்டி இறக்கி, ஆறவைத்துத் திரும்பி வந்தார்கள். ஏறாத அந்த மலை அவள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

இரண்டாயிரத்து எட்டு சித்திரையில், அவிநாசிபாளையம் பெட்ரோல் பங்கில் டீசல் போட நின்றபோது, ஒரு குள்ளமான மனிதர் அவள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெயர் லிங்கசாமி. மாட்டுச் சந்தைகளில் கயிறும் மணியும் விற்கிறவர். சந்தை சந்தையாக அலைவதால் அவரும் வண்டிக்குள்ளேயே கட்டில் போட்டு வைத்திருந்தார். அவருடையது பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பழைய இருபது சீட் வேன். நீளம், உயரம் இரண்டும் அதிகம்.

"ஏனுங்கக்கா, என்ற வண்டியை நீங்க வெச்சுக்கிட்டு உங்குளுதை எனக்குக் குடுக்கறீங்களா? சந்தைக்குள்ள இதெத் திருப்பறதுக்குள்ள உசுரு போவுதுங்க. நானோ ஒண்டியாளு. எனக்கெதுக்கு இத்தாச்சோடு பெரிய வண்டி? வண்டிக்கு வண்டி. மேக்கொண்டு ஒண்ணும் வேண்டாமுங்க."

"உங்க வண்டி மலை ஏறுங்களா?" என்று மட்டும் கேட்டாள் பழனாயி.

"போன வாட்டி ஊட்டிக்கே போய்ட்டு வந்தேனுங்க."

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவளுக்கு. மகன் தங்கதுரையிடம் போனில் சொன்னாள். அவன் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஷிப்மெண்ட் அவசரத்தில் இருந்தான். "அதும் பழசு, இதும் பழசு. எதுக்கும்மா? ரண்டையும் உட்டுட்டு ஒரு காரு வாங்கிக்கலாம், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். காரில் எங்கே கட்டில் போடுவது? ஆறுச்சாமியிடம் கேட்டாள். "உனக்கு எது செரீன்னு படுதோ" என்றார். இந்தப் பதிலை அவள் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கன்னபுரம் மாட்டுச் சந்தை நடக்கும் நாட்களில் லிங்கசாமி இவள் வண்டியை எடுத்துப் போகட்டும்; அவர் வண்டியில் இவர்கள் வால்பாறை போய்விட்டு வருவது. மூன்று நாள். பிறகு பேசிக்கொள்ளலாம்.

நீள வண்டி மலை ஏறியது. ஆறாவது வளைவு வந்ததும் பழனாயியின் கண் தானாகவே சூடு காட்டும் முள்ளுக்குப் போனது. முள் அசையவில்லை. ஒன்பதாவது வளைவில் நிறுத்தி, கீழே தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்த ஆழியாறு அணையைப் பார்த்தாள். பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. "ஏறுங்க மாமா, மேல போலாம்." நாற்பது வளைவையும் ஒடித்து முடித்தபோது தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது. ஆனாலும் சின்னப் பெண் மாதிரி ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஆற்றோரம் நிறுத்திச் சோறு ஆக்கும்போதே அவளுக்குத் தன் வண்டி ஞாபகம் வந்துவிட்டது. அதன் செகண்ட் கியர் ஒரு தினுசானது. கொஞ்சம் இடது பக்கம் அணைத்து, அரை நொடி விட்டு, பிறகுதான் போட வேண்டும். அந்த மனுசனுக்கு அது எப்படித் தெரியும்? சந்தைக் கூட்டத்தில் போட்டு நரநரவென்று அரைத்துக்கொண்டிருப்பான். டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப் போய் லிங்கசாமிக்குப் போன் போட்டாள். போனுக்குள் மாடுகள் கத்தின.

"வண்டி எப்படீங்க ஓடுது?"

"அருமையா இருக்குதுங்கக்கா! எல்லாமே கைக்கெட்டற தூரத்துல இருக்குது. படுத்துட்டே டீ வெக்கறேனுங்க."

பழனாயிக்குச் சுருக்கென்றது. அவருக்குப் பிடிக்காமல் போய்விடும் என்று தான் எதிர்பார்த்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. எனக்கு அந்த வண்டி வேண்டுமா, இந்த வண்டி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கினாள்.

வண்டிக்குள் ஆறுச்சாமி தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் தூங்குகிற ஆளில்லை அவர். மல்லாந்து, இரண்டு காலையும் நேராக நீட்டி, வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டார். ஆறடி மனிதர். பாதத்துக்கு அப்பாலும் கட்டிலில் ஒரு சாண் இடம் மிச்சமிருந்தது. பழனாயி கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் விழித்ததும் கேட்டாள்.

"ஏனுங்க மாமா, நம்ம வண்டியில இப்பிடிக் காலு நீட்ட முடியாதுங்களா?"

"அதுல எங்க புள்ள முடியும்? மடக்கீட்டுத்தான் படுக்கோணும்."

"மூணு வருசமாவா?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஒருச்சாஞ்சு படுத்தா அவ்வளவாத் தெரியாது."

"வாயைத் தொறந்து சொல்றதுக்கென்னங்க? ஆசாரிகிட்டச் சொல்லிக் கட்டிலை நீட்டீருக்கலாமல்ல!"

"நீட்டோணுமின்னா அடுப்பு மேடையை எடுக்கோணும். நீ அதெ ஆசையா வெச்சே." எழுந்து நின்றார். அந்த வண்டிக்குள் அவர் தலை கூரையில் இடிக்காமல் நின்றார். "உடு. ஓட்டறது நீ. உனக்குப் புடிச்சாப் போதும்."

பழனாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டாம் நாளே கிளம்புகிற தன்னோடு மூன்று வருடம் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாரே என்ற கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். பாத்திரங்களை வெடுக் வெடுக்கென்று எடுத்து வைத்தாள். மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தாள்.

மாற்றிக்கொள்வது என்ற முடிவோடுதான் அவிநாசிபாளையம் வந்தாள். லிங்கசாமியும் சந்தை முடித்து வந்து காத்திருந்தார். எதற்கும் ஒருமுறை காட்டிவிடலாம் என்று நீள வண்டியை, வழக்கமாகத் தன் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் மூக்கையாவின் பட்டறைக்கு ஓட்டிப் போனாள். லிங்கசாமி மெட்டடோரில் பின்னால் வந்தார். மூக்கையா உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். பத்து வருடமாக இங்கே பட்டறை வைத்திருந்தாலும் பேச்சில் ஊர் மாறவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். அங்கே சத்தம் வேறு மாதிரி வந்தது.

"ஏம்மா, இங்கன வந்து பாருங்க. பின்னாடி சேஸிஸு துருப்பிடிச்சு, தகடு வச்சுப் பத்த வச்சிருக்காங்க. மேல தாரைப் பூசி மறைச்சாச்சு."

"ஓடுமா ஓடாதா?"

"ஓடுறதுக்கென்ன, ஓடும். எம்புட்டு நாளைக்குன்னு எங்கிட்டக் கேக்காதீக. எஞ்சின் இதுல நல்லாருக்கு, ஒடம்பு ஒங்க வண்டியில நல்லாருக்கு. கெழவியக் குடுத்துட்டுக் கெழவிய வாங்கப் பாக்குறீக, நான் என்னத்தச் சொல்ல?"

பழனாயி லிங்கசாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"தெரியுமுங்களா?"

"தெரியுமுங்கக்கா. கேட்டிருந்தீங்கன்னாச் சொல்லியிருப்பனுங்க."

"கேட்டாத்தான் சொல்லுவீங்களா?" என்று வெடித்தாள். ஒரே பயணத்தில், வாயைத் திறந்து சொல்லாத இரண்டாவது ஆம்பிளை. சாவியை அவர் கையில் திணித்துவிட்டுத் தன் மெட்டடோரை எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

அதோடு விஷயம் முடிந்தது என்று ஊருக்கெல்லாம் சொன்னாள். ஆனால் அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவள் பாதியில் வாளியை வைத்துவிட்டு வண்டியைப் போய்ப் பார்த்தாள். டேப்பைக் கொண்டு வந்து கட்டிலை அளந்தாள். ஐந்தேகால் அடி. ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்டாள். அடுப்பு மேடையை எடுத்தாலும் அரையடிதான் கூடும், பின்கதவு இடிக்கும் என்றார் அவர். வண்டியைக் கழுவினாள். மறுநாள் மறுபடியும் கழுவினாள். இரண்டு வாரம் எங்கேயும் கிளம்பவில்லை. கிளம்பலாமா என்று ஆறுச்சாமியே ஒருநாள் கேட்டபோது, வெயிலாக இருக்கிறது என்றாள். வெயிலைப் பார்த்து அவள் நின்றதாக யாருக்கும் நினைவில்லை.

ஒரு காலை, அவர் தோட்டத்துக்குப் போனபிறகு, அரிசி மூட்டை ஒன்றை இழுத்து வந்து வண்டிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். அவர் உயரத்துக்குக் கட்டில் முக்கால் அடி குறைவு; தன் உயரத்துக்கும் அதே அளவு குறையும்படி மூட்டையை நகர்த்திச் சரிசெய்தாள். பிறகு ஏறிப் படுத்தாள். காலை மடக்கினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே இருந்த முழங்கால் வலித்தது. புரண்டு படுத்தாள். இடுப்பு வலித்தது. மல்லாந்து முழங்காலைத் தூக்கி வைத்தாள். அதுவும் வழுக்கி இறங்கியது. அரைமணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எழுந்தபோது வலது கால் மரத்துப்போயிருந்தது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே லிங்கசாமிக்குப் போன் போட்டாள்.

"அந்தத் தகடெல்லாம் பேத்துட்டு மூக்கையாகிட்டப் புதுசாப் போட்டுக் குடுங்க. அவரு செரீன்னு சொன்னா நான் எடுத்துக்கறேன்."

"செய்யறேனுங்கக்கா. நானும் அன்னைக்கே சொல்லியிருக்கோணும், தப்புத்தானுங்க. உங்க வண்டி நெனப்பாவே இருக்குதுங்க."

எட்டு நாளில் வேலை முடிந்தது. மூக்கையா மூன்று இடத்தில் தட்டிக் காட்டினார். சத்தம் ஒரே மாதிரி வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பேப்பரில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பழனாயி தன் பொருட்களை ஒவ்வொன்றாக வண்டி மாற்றினாள். அடுப்பு மேடையை மட்டும் விட்டுவிட்டாள். அது அந்த வண்டிக்கென்று அடித்தது. லிங்கசாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, செகண்ட் கியரை எப்படிப் போடவேண்டும் என்று சொன்னாள். இறங்கிப் போய்விட்டுத் திரும்ப வந்து மறுபடியும் சொன்னாள்.

"அன்னைக்கே புடிபட்டுப் போச்சுங்கக்கா" என்றார் அவர்.

மெட்டடோர் பட்டறையிலிருந்து ரோட்டில் ஏறியது. பழனாயி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். முதல் கியர், அப்புறம் செகண்ட். ஒரு நரநரப்பும் இல்லை. வண்டி வெண்ணெய் மாதிரி போய் வளைவில் மறைந்தது. கொஞ்சமாவது அரைத்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

"ஏறு புள்ள" என்றார் ஆறுச்சாமி.

வீட்டுக்குப் போகவேண்டிய பக்கத்தை விட்டு, தாராபுரம் ரோட்டில் வண்டியைத் திருப்பினாள் அவள்.

"எங்க போறெ?"

"தெரீலீங்க. கொடைக்கானல் இந்தப் பக்கந்தானுங்களே?"

பத்து கிலோமீட்டர் தாண்டுவதற்குள் வண்டியை ஓரங்கட்டினாள். பின்னால் ஏதோ சத்தம் கேட்கிறது என்றாள். ஆறுச்சாமிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு ரோட்டோர மண்ணில் முழங்காலிட்டு, அடியில் குனிந்து பார்த்தாள். புதுத் தகடு கறுப்புப் பெயிண்ட் மினுங்க அப்படியே இருந்தது. கையால் ஒருமுறை அழுத்தியும் பார்த்தாள். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன புள்ள?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். "நீங்க வேணாப் பொறத்தால போயிப் படுங்க. மலையடிவாரத்துக்கு இன்னும் நேரமாகும்."

அவர் முன்சீட்டிலிருந்து எழுந்து பின்பக்கம் போய்க் காலை நீட்டிப் படுத்தார். பழனாயி கண்ணாடியைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டு, காதைப் பின்னாலேயே வைத்து, கியரைப் போட்டாள்.