கண்ணாடிக் கதவுக்குள் ஒரு மலைச்செடி

கஜேந்திரன் அண்ணன் போய்விட்டார் என்று குமுதா அண்ணி போன் செய்தபோது, மறைமலைநகரில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். அவருடைய காலி சீட்டைப் பார்த்து, "இன்னிக்கும் மட்டம் போட்டாச்சா?" என்று கிண்டலடித்துக்கொண்டு வந்தவன் நான். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகவே நேரமில்லையாம்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அந்த ருபார்ப் செடி ஞாபகமிருக்கும். சிக்கிம் டூர் போனவர், மரமே முளைக்காத உயரத்தில், வெளிறிய இலைகளைப் போர்த்திக்கொண்டு ஆள் உயரத்துக்கு நின்ற ஒரு செடியைப் பார்த்து மயங்கிவிட்டார். நாட்டு மருந்துக் கடை ரேவல்சின்னிக்கு அது ஒன்றுவிட்ட உறவு. அங்கிருக்கும் நண்பர் ஒருவர் விதை அனுப்பினார். செங்கல்பட்டு வெயிலில் இது வளருமா என்று சிரித்தோம். "வெயிலு வெளியதான கீது, நைனா? ஃபிரிட்ஜுக்குள்ள இல்லியே" என்றார்.

விதைக்குக் குளிரும் ஈரமணலும் வேண்டும். மணலுக்காக பைக்கில் நெம்மேலிக் கடற்கரைக்குப் போய், சுத்தமானதாகப் பார்த்து அள்ளிவந்து, மாவு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். ஒன்றுகூட முளைக்கவில்லை. "உப்பு, நைனா! கடல் தண்ணிலேந்து உப்ப எடுத்து குடிதண்ணி ஆக்கறதுக்கே அங்க ஒரு பேக்டரி ஓடிகினு கீது. அந்த ஊரு மணல போயி அள்ளிகினு வந்துகீறேன் பாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

அடுத்த தடவை பாலாற்று மணல். ஒரே ஒரு விதை முளைத்தது. அதற்காக, மூடிப்போன கூல்டிரிங்ஸ் கடையிலிருந்து, விளக்கு எரியும் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி ஹாலில் நிறுத்தினார். "வர்றவங்கல்லாம் சோடா கேக்கறாங்க. ஒண்ணு இந்தச் சனியன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்பார் அண்ணி. பூக்கவே வருஷக்கணக்காகும், ஒருமுறை பூத்ததும் காய்ந்துபோகும் என்று தெரிந்தபோது அண்ணிக்கு இன்னும் எரிச்சல்.

நான் போனபோது அண்ணனை ஹாலில் ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பெட்டிக்குப் பிளக் வேண்டுமென்று யாரோ செடி ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கியிருந்தார்கள். கண்ணாடிக்குள் இருட்டு. சித்திரை வெயில், போதாததற்குக் கூட்டத்தின் புழுக்கம். எனக்குப் பகீரென்றது. ஆனால் சாவு வீட்டில் செடியைப் பற்றி எந்த வாயால் பேசுவது?

அழுதுகொண்டிருந்த அண்ணி தற்செயலாக நிமிர்ந்தார். "எவன்டா அந்த வயர புடுங்குனது? அது செத்துடும்டா! பக்கத்து வூட்ல போயி ஜங்ஷன் பாக்ஸ் வாங்கினு வாங்க!" என்று கத்தினார். உள்ளே விளக்கு எரிந்த பிறகுதான் மறுபடி அழ உட்கார்ந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "இத்த எப்டி பாத்துக்கணும், தம்பி? எனக்கு ஒண்ணும் தெரியாது. அவரு சொல்லும்போது நான் எங்க கேட்டேன்?" என்றார்.

எனக்குத் தெரியும். "போதும்ணே, தூங்க வுடுங்க" என்று நான் கெஞ்சக் கெஞ்ச, பஸ்ஸில் அவர் சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் மண்டையில் ஏறியிருக்கிறது: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு குளிர், எப்போது கதவைத் திறந்து காற்றுவிட வேண்டும். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அழுவாத தம்பி," என்றார் அண்ணி. "மெதுவாவே சொல்லு."