வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு விசாரணை

மடிப்பக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். அவள் மடித்த படுக்கை விரிப்பு மூலைக்கு மூலை பொருந்தும். வீட்டிலும் கை சும்மா இருக்காது, பிளாஸ்டிக் பையைக்கூட மடித்துத்தான் வைப்பாள். அப்படிப்பட்டவள் வீட்டுக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஆள் வந்தபோது அக்கம்பக்கத்தார் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

நடந்தது இதுதான். அவள் மாலை ஷிஃப்டுக்குப் போனால் மூன்று வயது மகனைக் குளிப்பாட்டும் பொறுப்பு கணவனுடையது. அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். அதிகம் பேசாதவன், வேலையில் கெட்டி, குடியிலும் கெட்டி. அன்றைக்குக் குடித்துவிட்டுக் குளியலறை வாசலிலேயே கண்ணயர்ந்துவிட்டான். பையன் தானாகவே வெந்நீர்க் குழாயைத் திருகிவிட்டான். கால் முழுக்கக் கொப்புளம்.

குழாய் பழுது என்று டாக்டரிடம் சொன்னாள் மடிப்பக்கா. டாக்டர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அலுவலகத்துக்குப் போன் போட்டார். பையன் கொஞ்ச நாளைக்கு அத்தை வீட்டில் இருக்கட்டும் என்று முடிவானது. அத்தை என்றால் மடிப்பக்காவின் நாத்தனார், கணவனுக்கு மூத்தவள். வேலை முடிந்து மடிப்பக்கா தினமும் அங்கே போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, அவன் தூங்கிய பிறகு வீடு திரும்புவாள்.

அப்போதே அவள் முழுகாமல் இருந்தாள். நாத்தனாருக்குத் தெரிவதற்கு முன்பே ஆபீசரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆபீசரம்மாவுக்கு மடிப்பக்காவைவிட வயது குறைவு. வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவாள், ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். அத்தை வீட்டுக்குப் போனால் பையனிடம் பல் தேய்த்தாயா என்று கேட்பாள். வயிற்றில் இருப்பதையும் சேர்த்துத்தான் இனி விசாரணை என்றாள்.

"அது உள்ளதானே இருக்கு? அதுக்கு என்ன பாதுகாப்புக் குறைச்சல்?" என்று கேட்டாள் மடிப்பக்கா.

"வெளிய வரும்ல. அதப் பத்திதான் பேசணும்."

பிரசவத்துக்கு முன்னால் அலுவலகத்தில் ஒரு கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை வீட்டுக்கு வருமா வேறெங்காவது போகுமா என்பது அங்கே தெரியும். சலவைக்கூடத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருத்தி அழு என்றாள். இன்னொருத்தி அழவே கூடாது என்றாள். மூன்றாமவள், அழலாம், ஆனால் கடைசியில் என்றாள்.

கூட்டத்துக்கு எட்டு மாத வயிற்றோடு போனாள். கணவனுக்குச் சட்டையை அவளே தேய்த்துக் கொடுத்திருந்தாள். ஒரு மேசை, சுற்றி ஆபீசரம்மா, அவளுடைய மேலதிகாரி, நாத்தனார், இவர்கள் இருவர். சுவர் ஓரமாக ஒரு கூடை நிறைய பொம்மைகள், விளையாடத்தான் ஆளில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று மேலதிகாரி முதலிலிருந்து கேட்டார். மடிப்பக்கா மனப்பாடமாகச் சொன்னாள். குழாய் பழுது, திருகினால் நிற்காது, எத்தனையோ தடவை சொல்லியும் யாரும் சரிசெய்யவில்லை.

"குழாய் நல்லாத்தான் இருக்கு. மாட்டினதே நான்தான்" என்றான் கணவன்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மேசையைப் பார்த்தபடி, "குடிச்சிட்டுத் தூங்கிட்டேன். பையன் அழுதது கேட்டுத்தான் முழிச்சேன்" என்றான்.

மடிப்பக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் குடித்ததற்காக இல்லை. இத்தனை மாதம் அவனுக்காக அவள் கட்டிக் காத்த பொய்யை, ஒரு குழாய்க்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று இப்படிப் போட்டு உடைத்துவிட்டானே என்றுதான். கோபம் கொஞ்சம் தணிந்ததும் உடம்பு லேசானதுபோல் இருந்தது. இனி எதையும் ஞாபகம் வைத்துப் பேச வேண்டியதில்லை.

குடியை விட்டுவிடுகிறேன் என்றான் அவன். என்ன சொல்றீங்க என்று மேலதிகாரி அவளைக் கேட்டார்.

"விட்டுருவாரு. எப்பன்னுதான் தெரியல. அதுவரைக்கும் இவர் வேற இடத்துல இருக்கட்டும். புள்ள என்கூட வரட்டும்."

அவன் அக்காவைப் பார்த்தான். நாத்தனார் தம்பிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பையனையும் கூட்டிக்கொண்டு வந்து இவளோடு தங்குவதாக ஆபீசரம்மாவிடம் சொன்னாள்.

"சரி" என்றான் அவன்.

அன்று மாலையே தன்னோடு வேலை பார்ப்பவனின் அறைக்குப் போய்விட்டான். துணிமணியை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தது அவள்தான். அவன் தெருமுனை திரும்பியதும் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். சலவைக்கூடத்து யோசனை எதற்கும் அது பொருந்தவில்லை, கூட்டம்தான் முடிந்துவிட்டதே.

பெண் பிறந்தது. வார்டில் படுத்திருந்தவள், யார் வந்தாலும் பிள்ளையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். ஆபீசரம்மா வந்து, பிள்ளையைக் குனிந்து பார்த்து, நாத்தனார் பையனோடு வந்து தங்கியாயிற்றா என்று கேட்டுக்கொண்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அப்புறமும் மடிப்பக்கா கையை எடுக்கச் சிறிது நேரமாயிற்று.

கணவன் சிகிச்சைக்குப் போகிறான். நடுவில் ஒரு தடவை சறுக்கினான். யாரும் கண்டுபிடிப்பதற்குள் அவனே ஆபீசரம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவான், தன் அக்கா கூட இருக்க, மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வீட்டோடு எப்போது வருவான் என்று மடிப்பக்கா கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.

பையனுக்குக் காலில் தழும்பு மட்டும் இருக்கிறது. தங்கச்சியை முதன்முதலில் பார்த்தபோது வெகுநேரம் யோசித்தான்.

"ஆபீசரம்மா இவளயும் பாக்க வருவாங்களா?"

"வருவாங்க."

"அப்ப இவ பல்லு தேய்க்கணும்."

"இவளுக்குப் பல்லே இல்லடா" என்றாள் அம்மா.

இதை ஆபீசரம்மாவிடம் யார் சொல்வது என்று அவனுக்குக் கவலையாகிவிட்டது.