கிடா பெரிசு, வெட்டுக்கிளி சிறிசு

எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் காலி ஊறுகாய் பாட்டில் ஒன்று இருக்கிறது. மூடியில் ஆணியடித்த ஏழு ஓட்டைகள். "எதுக்கும் ஆகாது, உங்கள மாதிரி" என்பாள் மனைவி. மூன்றாம் வகுப்போடு என்னிடமிருந்து பள்ளிக்கூடம் தப்பித்துக்கொண்டது. எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அந்த பாட்டில்தான்.

கோவில்பட்டியில் தங்கி ஆராய்ச்சி செய்த டாக்டரம்மா கொடுத்தது. புதியம்புத்தூர் தையல்காரர் மகள். எதையும் துணியை வைத்துத்தான் விளக்குவார். விந்தும் முட்டையும் உண்டாகும் முன், அப்பன் வழி குரோமோசோமும் ஆத்தா வழி குரோமோசோமும் ஒட்டி நிற்குமாம். நடுவே புரதத்தாலான ஜிப் இரண்டையும் பூட்டுமாம். "ஈஸ்ட்டுலயும் அந்த ஜிப்பு உண்டு, சோளத்துலயும் உண்டு, ஆட்டுலயும் உண்டு அண்ணாச்சி. காலங்காலமா ஜிப்போட சரக்கு அடையாளந்தெரியாம மாறிட்டு. பூட்டுத வேலை மட்டும் மாறல" என்றார். "எங்க வம்சமும் அப்படித்தான். மூஞ்சி மாறும், கொறட்டை மாறாது" என்றேன்.

சோளத்திலும் ஆட்டிலும் பார்த்துவிட்டார். வெட்டுக்கிளிதான் பாக்கி. சோளக்காட்டுக்குச் சொந்தக்காரர் அன்று சாயங்காலம் மருந்தடிக்கப் போகிறார். அடித்தால் ஒரு வெட்டுக்கிளி மிஞ்சாது. அடுத்த வெள்ளாமை வரை காத்திருக்க டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்குத் தவணையும் இல்லை. "விந்துப்பையிலதான் ஜிப்பு சுளுவா சிக்கும், ஆணா பாத்துப் பிடிங்க" என்று பாட்டிலைக் கொடுத்தார். ஆட்டுக்காரனுக்கா ஆண் எது, பெண் எது என்று சொல்லித் தரவேண்டும்? கிடா பெரிசு, பெட்டை சிறிசு. குண்டு குண்டாக நாற்பது பிடித்தேன். சிறிசையெல்லாம் குட்டி பாவம் என்று பறக்கவிட்டேன். டாக்டரம்மா ஒன்றைக் கீறினார். வயிறு நிறைய முட்டை. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "அத்தனையும் பொம்பள, அண்ணாச்சி. வெட்டுக்கிளில ஆணுதான் சிறிசு." பாட்டிலைத் திறந்து மிச்சத்தையும் பறக்கவிட்டார். முப்பது வருசம் ஆடு மேய்த்த என் மீசை அப்போதுதான் முதன்முதலாகத் தொங்கியது.

மருந்து டேங்கில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஓடினேன். முந்தின நாள் மழையில் கரிசல் செருப்பைப் பிடித்துக்கொண்டது. அதற்கே கொடுத்துவிட்டு, முட்டுக்காலில் தவழ்ந்தேன். களையெடுத்த பெண்கள் சிரித்தார்கள். "அண்ணாச்சி, வெட்டுக்கிளிய மேய்க்கியளா, கூடச் சேந்து மேயுதியளா?"

"சிரிச்சது போதும், சிறிசா பாத்துப் பிடிங்கட்டி! அந்தப் பிள்ளையோட படிப்பே இதுலதான் இருக்கு!"

அவர்களும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு இறங்கினார்கள். மருந்துக்காரன் முதல் பாத்தியில் கால் வைக்கும்போது பாட்டிலில் பதினொன்று குதித்துக்கொண்டிருந்தன.

இரண்டு நாள் கழித்து ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். மைக்ராஸ்கோப்பில் முதலில் என் இமைதான் எனக்குத் தெரிந்தது. பிறகு இருட்டுக்குள் பச்சைப் பச்சையாய் இழைகள். நுனியிலிருந்து நுனிவரை இரட்டையாகப் பூட்டிக் கிடந்தன. "பூட்டிட்டு அண்ணாச்சி, பூட்டிட்டு!" என்று டாக்டரம்மா சின்னப்பிள்ளைபோலக் குதித்தார். "இதே பூட்டுதான் நமக்குள்ளயும்!" சோளமும், அதைத் தின்கிற வெட்டுக்கிளியும், வெட்டுக்கிளியை விரட்டுகிற நானும் ஒரே கடையில் தைத்த உருப்படிகள் என்று நினைத்தபடி இன்னொரு தரம் குனிந்து பார்த்தேன்.

இப்போது அவர் வெகுதூரத்தில் இருக்கிறார். அச்சான கட்டுரையைப் போனில் அனுப்பியிருந்தார். நன்றி சொன்ன வரியில், இங்கிலீசில், வட்டம் போட்டு என் பேர். பாட்டிலுக்குப் பக்கத்தில் அதையும் அச்செடுத்துச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று.

நேற்று சோளக்காட்டில் குண்டாக ஒன்று என் தோளில் வந்து உட்கார்ந்தது. பாட்டில் நினைவு வந்து சிரித்துவிட்டேன். "நீ போ தாயி" என்று வழிவிட்டேன்.