ஞாயிற்றுக்கிழமை கட்டிய கட்டணம்

1. கேட்டால் சொல்

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஒரு தனியார் கல்லூரியின் கட்டணக் கவுண்டரில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். ஃபிசியோதெரபி, ஓ.டி. என்கிற தொழில்வழிச் சிகிச்சை, இரண்டு படிப்புக்கும் பணம் வாங்குவது நான்தான். முதல் நாளே மேலாளர் சொல்லிவிட்டார்.

"விளம்பரத்துல போட்டிருக்கிறது செமஸ்டர் கட்டணம் மட்டும். போஸ்டிங் கட்டணம், யூனிஃபார்ம், இன்சூரன்ஸ், தடுப்பூசி எல்லாம் தனி. கேட்டா சொல்லு. கேக்காட்டி வாயத் திறக்காத."

அப்படிப்பட்ட இடத்தில் சந்தேகப்புத்தி தானாக வந்துவிடும். ஆனால் எனக்கு அது கவுண்டருக்கு வெளியே நிற்பவர்கள் மேல்தான் வந்தது. மாணவர் சேர்த்துவிடும் ஓர் ஏஜெண்டு போலி வங்கிச் சீட்டைக் காட்டி ஏமாற்றிய பிறகு, யார் நீட்டிய தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்கியதில்லை.

2. சிவப்பு வரி

போஸ்டிங் என்பது மாணவர்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் வேலை பழகும் காலம். இடம் குறைவு. தொடங்குவதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு கட்டணம் வந்து சேர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும், அந்த செமஸ்டரை முழுப் பணம் கட்டித் திரும்பப் படிக்க வேண்டும். எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளி, சனி விடுமுறை. ஆஸ்பத்திரி வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். அதனால் கெடுவும் ஞாயிற்றுக்கிழமையில்தான் விழும்.

அப்படி ஒரு கெடு நாளில் பீடோங் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டும் முனியாண்டி அண்ணன் வந்தார். மகள் கவிதா ஓ.டி. இரண்டாம் ஆண்டு. உறையிலிருந்து கட்டுக் கட்டாகப் பணத்தை எடுத்து வைத்தார். எனக்கு உடனே வட்டிக்காரன் ஞாபகம்தான் வந்தது.

"எங்கேருந்துண்ணே இவ்ளோ டூயிட்?"

"என் சேமநிதிக் காசுலா, தங்கச்சி. வியாழக்கிழம சாயங்காலம்தான் பேங்க்ல விழுந்துச்சு. ரெண்டு நாளு பேங்க் அடைப்பு. இன்னிக்கித் தொறந்ததும் எடுத்துக்கிட்டு ஓடியாறேன்."

இரண்டு தடவை எண்ணிவிட்டு ரசீது கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை தலைமையகத்திலிருந்து போஸ்டிங் பட்டியல் வந்தது. கவிதாவின் பெயர் சிவப்பு வரியில் இருந்தது: தாமதம், இடம் ரத்து. மறுநாளே அப்பாவும் மகளும் வந்து நின்றார்கள். கவிதா அழுது முகம் வீங்கியிருந்தாள்.

"அண்ணே, நெசமாவே ஞாயித்துக்கிழமதான் கட்டுனீங்களா?"

அவர் ரசீதை நீட்டினார். என் கையெழுத்துதான். அப்போதும் தேதியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

"தங்கச்சி, இதுக்கு மேல எடுக்க என் கணக்குல ஒண்ணுமில்ல," என்றார். "இந்த வாட்டி போனா அவ படிப்பு அவ்ளோதான்."

கோலாலம்பூர் தலைமையகத்துக்கு போன் போட்டேன். கணக்கு அதிகாரி தினேஷ் சிரித்தார்.

"சண்டே அன்னிக்கி ஆபீஸா? என்னாக்கா, தேதிய மாத்திப் போட்டுக் குடுத்துட்டீங்களா?"

பத்தொன்பது வருடத்தில் என் கணக்கில் ஒரு வெள்ளிக் காசு குறைந்ததில்லை. "தம்பி, கெடாவுல சண்டே வேல நாள்லா. ஒங்க கம்ப்யூட்டர் எங்க சண்டேய எப்படி எழுதுது, அத மொதல்ல பாருங்க."

நெடுநேரம் தட்டிப் பார்த்தார். பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. கோலாலம்பூரில் ஞாயிறு விடுமுறை என்பதால், எங்கள் ஞாயிற்றுக்கிழமை வரவு எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் திங்கட்கிழமை என்றே பதிந்து வந்திருக்கிறது.

3. பழைய கோப்புகள்

ரசீதுப் புத்தகத்தின் நகலோடு மேலாளர் அறைக்குப் போனேன். கவிதாவுக்கு அன்றே இடம் திரும்பக் கிடைத்தது. கதவருகே போன என்னை மேலாளர் மெல்லிய குரலில் நிறுத்தினார்.

"இந்தப் பிள்ள கேட்டுச்சு, குடுத்தாச்சு. மத்ததக் கெளறாதீங்கம்மா."

அவருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னதற்காகவே கிளறினேன். பழைய சிவப்பு வரிகளில் மூன்று பேர், மூவரும் ஞாயிற்றுக்கிழமை கட்டியவர்கள். மூன்று வீட்டுக்கும் நானே கடிதம் எழுதினேன். இரண்டு வீட்டார் வந்து சண்டை போட்டு, இரண்டாம் முறை கட்டிய பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவது கடிதம் ஆளில்லை என்று திரும்பி வந்தது.

கவுண்டரில் புதிதாக உட்காரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பணம் கட்ட வந்தவரின் ரசீதைச் சுரண்டுவதற்கு முன்னால் உங்கள் ஆபீஸ் பதிவைத் திறந்து பாருங்கள். நான் பார்க்கவில்லை. அந்த மூன்றாவது வீடு கோத்தா கோலா மூடாவில் இருந்தது. "லேட்டாக் கட்டுனது ஒங்க தப்புதான்மா" என்று அந்தத் தாயிடம் சொன்னவள் நான். அவர் தலையாட்டிவிட்டு, ஒரு செமஸ்டர் பணத்தை மறுபடியும் என் கையில் கொடுத்து, "பொறுமையா வெளக்கிச் சொன்னீங்க, ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனார்.