முழங்கையில் ஒட்டிய பட்டி

என் மகள் பிறந்தபோது தோள் சிக்கி வலது கையின் நரம்பு இழுபட்டுவிட்டது. ஐந்து மாதமாகியும் அந்தக் கை உடம்போடு ஒட்டியபடியே கிடந்தது. ஆறு மாதத்துக்குள் முழங்கை தானாக மடங்கத் தொடங்கினால் பொறுத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் அறுவைச் சிகிச்சை, அதைத் தள்ளிப்போடக் கூடாது என்று சிரம்பானில் டாக்டர் சொன்னார்.

மடங்குகிறதா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் மடங்கியது போலிருக்கும். மறுநாள், சட்டை இழுத்ததைத்தான் அப்படிப் பார்த்தேனோ என்று தோன்றும்.

அதனால் ஆஸ்பத்திரியில் ஒரு பட்டி கொடுத்தார்கள். சோதனை முயற்சிதான் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். ரப்பர் போல இழுபடும் மெல்லிய பட்டி, முழங்கையின் பின்புறம் ஒட்ட வேண்டும். கை மடங்கினால் பட்டி நீளும். எப்போது, எவ்வளவு நீண்டது என்பது அதோடு இருந்த பொத்தான் அளவுப் பெட்டியில் பதிவாகும். அவர்கள் கணினியில் போட்டால்தான் தெரியும்.

"அக்கா, இந்த ஒரு வாரம் எக்ஸர்சைஸ் வேணாம். அவளா என்ன செய்றான்னு பாக்கணும்," என்றாள் கைக்குப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோ பெண். "பேபிக்கு மண்டி பண்றப்ப மட்டும் கழட்டிருங்க, தண்ணி படக் கூடாது லா."

மண்டி என்றால் குளியல். மறந்துவிடுவேனோ என்று காலண்டரில் எழுதி வைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றும் முன் கழற்றினேன், துடைத்ததும் ஒட்டினேன். ஒரு நாளும் தவறவில்லை.

வாரம் முடிந்து போனோம். லிங்கிப் பக்கத்து எங்கள் எஸ்டேட்டிலிருந்து சிரம்பான் வரை கணவர் வண்டி ஓட்டினார். திரையில் ஒரு கோடு ஓடியது. தட்டையாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று உயர உயர எழும்பியது.

"பாருங்கக்கா, நல்லா மடக்குறா. ஆப்பரேஷன் வேண்டியிருக்காது போல. டாக்டர்கிட்ட காட்டுறேன்."

கணவர் என் தோளைப் பிடித்தார். நான் கோட்டுக்குக் கீழே இருந்த நேரத்தைப் பார்த்தேன். காலை ஆறேகால். மறுநாளும் ஆறேகால். அதற்கடுத்த நாளும்.

ஆறேகாலுக்குத்தான் பக்கத்து வீட்டிலிருக்கும், நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனார், தான் வேலைக்குப் போகும் சுங்கை காடுட் ஃபேக்டரி பஸ் வருவதற்குள், பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க வருவார். பட்டியில் எண்ணெய் படாமல் பார்த்துப் பார்த்துத் தேய்த்து, கையை நீவி, மடக்கி, மார்பின் குறுக்கே கொண்டுபோய் எதிர்க் காலோடு சேர்ப்பார். எங்களுக்கு அது எக்ஸர்சைஸ் இல்லை. மண்டியும் இல்லை. தண்ணீர் ஊற்றினால்தான் மண்டி.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். அந்த மேடுகளில் ஒன்றிரண்டாவது மகளே மடக்கியதாக இருக்காதா?

"அது அவ மடக்குனது இல்ல," என்றேன். "எண்ணெ தேய்க்கிறப்ப அண்ணி மடக்குறாங்க."

பிசியோ பெண் காலை நேரத்தை எல்லாம் நீக்கினாள். மிச்சக் கோடு கிட்டத்தட்ட தரையோடு கிடந்தது. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். நாத்தனார் பாத்திரத்தை டக்கென்று வைத்தார்.

"நல்லா இருக்குன்னு சொன்னவங்கள நீதான் இல்லன்னு சொல்ல வச்சியா? படிச்ச புத்தி."

"பொய்யா காட்டுது அண்ணி."

"நான் புடிச்ச கையி உனக்குப் பொய்யா?"

மறுநாள் ஆறேகாலுக்கு அவர் வரவில்லை. நானே தேய்த்தேன், பட்டியைக் கழற்றி வைத்துவிட்டு.

இரண்டாவது வாரக் கோட்டில் சிறு அசைவுகள் இருந்தன. பாதி மடக்குக்குக்கூட வரவில்லை. டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு அறுவை மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். இப்போதே வந்தது நல்லது, இதற்கு மேல் காத்திருந்தால் பலன் குறையும் என்றார். கணவர் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அறுவைக்குத் தேதி கிடைத்த அன்று நாத்தனார் வாசலில் வந்து நின்றார்.

"லீவு போட்டுட்டேன். புள்ளைய யாரு தூக்கிக்கிட்டு வர்றது, நீயா? நீ பைய எடுத்துக்க."

"வாங்க அண்ணி."

"நான் மடக்குனது போதும். இனி அந்த டாக்டரு மடக்க வைக்கட்டும்."

நாளை காலை மகளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். செய்தது சரிதானா என்று இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். பையில் துணிகளை இரண்டாம் முறை எடுத்து அடுக்கினேன். முன்பக்கம் திறக்கும் சட்டைகளாக, அறுவைக்குப் பிறகு கையைத் தூக்காமலே போடக்கூடியவையாக.